பழைய பேருந்து நிலையப் பெண்கள் கழிப்பறையை இரவிலும் திறந்து வைக்கக் கோரி நான்காம் மனு

அனுப்புநர்:
பூ மண்டித் திண்ணையில் இரவு உணவு வழங்கும் தன்னார்வலர்கள் சார்பில்
ஓய்வுபெற்ற தமிழாசிரியை
(முகவரி முந்தைய மனுக்களில் உள்ளபடி)

பெறுநர்:
மண்டல உதவி ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்.

பொருள்: பழைய பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறையின் பெண்கள் பகுதியை இரவு 10 மணிக்கு மேலும் திறந்து வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: நேரில் அளித்த இரண்டு மனுக்கள், இணையவழி அனுப்பிய ஒரு மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலக மாடி வராந்தாவில் நின்று பார்த்தால் பழைய பேருந்து நிலையத்தின் தகரக் கூரையும், அதற்குத் தெற்கே பூ மண்டியின் நீளமான சிமெண்டுத் திண்ணையும் தெரியும். அந்தத் திண்ணையில் இரவில் படுக்கும் பெண்களுக்காக இம்மனுவை எழுதுகிறோம். தாங்கள் தினமும் வந்துபோகும் வழி என்பதால் இடத்தை விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் பதிவு பெற்ற அமைப்பு அல்ல. மெஸ் நடத்துபவர் ஒருவர், ஆட்டோ ஓட்டுநர்கள் இருவர், தையல்காரர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் நால்வர், நான் ஆக ஒன்பது பேர். தினமும் இரவு எட்டரை மணிக்குச் சாம்பார் சாதமோ எலுமிச்சை சாதமோ ஐம்பது பொட்டலம் கட்டி, ஒன்பதரை மணிக்குள் கொடுத்து முடிக்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்றாலும் இவர்களுக்கு வீடு இல்லாததால், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று வாங்கி, பெயர் எழுதிய டப்பாக்களில் வைத்து நாங்களே கொடுத்து வருகிறோம். காய்ச்சல் முற்றியவர்களை ஆட்டோவில் ஏற்றிப் போய், உடன் இருப்பவர் யார் என்ற கட்டத்தில் எங்கள் பெயரை எழுதுகிறோம். பாராட்டை எதிர்பார்த்து இதையெல்லாம் எழுதவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் எங்களால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. அது தங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

1. அந்தத் திண்ணையில் நாங்கள் எண்ணிய வரையில் பதினேழு பெண்கள் படுக்கிறார்கள். பெரும்பாலோர் பூக்கட்டுபவர்கள், பூண்டு உரிப்பவர்கள், மண்டி கூட்டுபவர்கள். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே உத்தரவிட்டிருப்பதும், 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வீடற்றோர் தங்குமிடங்களுக்கெனத் தனிப் பிரிவே இருந்ததும் தாங்கள் அறிந்தவை. நம் பகுதியில் உள்ள தங்குமிடம் ஆண்களுக்கானது. பெண்களுக்கானது ஊரின் மறுகோடியில் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குப் பூ மூட்டை இறங்கும்போது இங்கே இல்லாதவருக்கு அன்றைய கூலி கிடையாது. ஆகவே அவர்கள் அங்கே போவதில்லை. இதைப் பிடிவாதம் என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பிழைப்பு என்று நாங்கள் சொல்கிறோம். இம்மனுவில் தங்குமிடம் கேட்கவில்லை. அதைத் தனியாகக் கேட்போம்.

2. திண்ணையிலிருந்து நாற்பது அடி தூரத்தில் மாநகராட்சியின் கட்டணக் கழிப்பறை இருக்கிறது. பகலில் ஐந்து ரூபாய். இரவு 10 மணிக்கு ஒப்பந்ததாரரின் ஆள் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். திரும்பத் திறப்பது காலை ஐந்தரைக்கு. இடைப்பட்ட ஏழரை மணி நேரத்துக்கு அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், முதல் எட்டு மாதங்கள் நாங்களும் யோசிக்கவில்லை.

எங்களுக்குத் தெரியவந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆண்கள் பொட்டலத்தை வாங்கிய இடத்திலேயே பிரித்துச் சாப்பிடுவார்கள். பெண்கள் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார்கள். காலைக்கு வைத்துக்கொள்கிறார்கள் போலும் என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் இரவு மாத்திரை டப்பாவை மறந்துவிட்டுத் திரும்பிப் போனபோது, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எங்கள் எலுமிச்சை சாதத்தை இலையோடு விரித்து மண்டி நாய்க்கு வைத்துக்கொண்டிருந்தார். சோறு கெட்டுவிட்டதா என்று பதறிக் கேட்டேன். "சோறு நல்லாத்தான் இருக்கு டீச்சர். தின்னா தண்ணி குடிக்கணும், குடிச்சா ராத்திரி எங்க போறது? நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் வாங்கிக்கிறது" என்றார். மற்றவர்களையும் விசாரித்தோம். பதினேழு பேரில் பதினொரு பேர் மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி நான்கு சாப்பிட்டால் அதுவே அன்றைய முழுச் சாப்பாடு என்று பழகிவிட்டார்கள். நாங்கள் இரவில் கொடுத்த சோறு இத்தனை மாதங்களாக எங்கள் திருப்திக்குத்தான் பயன்பட்டிருக்கிறது, ஐயா.

அடக்க முடியாதபோது பார்சல் அலுவலகத்தின் பின்சுவருக்குப் போகிறார்கள். அங்கே விளக்கு இல்லை, திறந்த சாக்கடை உண்டு; மதுக்கடை மூடிய பின் எஞ்சியவர்கள் கூடும் இடமும் அதுதான். ஆகவே தனியாகப் போவதில்லை. ஒருவர் போக இன்னொருவர் பழைய சேலையைத் திரைபோலப் பிடித்து நிற்கிறார். மழைக்காலத்தில் அப்படி நின்ற ஒருவர் சாக்கடைக்குள் சரிந்து மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் பூக்கட்ட முடியாமல் இருந்தார். மாதவிலக்கு நாட்களில் இளம்பெண்கள் படும் பாட்டை ஓர் அலுவலகக் கோப்பில் எழுத என் கை கூசுகிறது; ஆனால் எழுதாவிட்டால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். ஈரமான துணியோடு விடியும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ள நால்வருக்கு இரவில் மூன்று முறையாவது எழ வேண்டியிருக்கிறது. நீர்க்கடுப்பு என்று மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் மருத்துவர் அக்கறையாகத்தான் சொல்கிறார்: நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள். அந்தச் சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறோம். படித்துப் பாருங்கள் ஐயா, இதைவிடக் கொடுமையான மருந்துச்சீட்டை நான் பார்த்ததில்லை.

3. முதல் இரண்டு மனுக்களுக்குப் பதில் இல்லை. இணையவழி மனுவுக்கு வந்தது: "மேற்படி கழிப்பறை ஆய்வு செய்யப்பட்டு நல்ல முறையில் இயங்கி வருவது கண்டறியப்பட்டது. மனு முடிக்கப்பட்டது." சான்றாக ஒரு புகைப்படமும் இருந்தது. அதில் கதவு திறந்திருக்கிறது, தரை கழுவியிருக்கிறது, வாசலில் நல்ல வெயில் அடிக்கிறது. இரவில் பூட்டப்படுகிறது என்ற புகாருக்கு நண்பகல் புகைப்படமா பதில்?

இதே திண்ணைக்கு இரவில் வந்த அரசு அலுவலர் ஒருவரும் இருக்கிறார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரி ஆறு பெண்களுக்குப் படிவம் 6 நிரப்பிக் கொடுத்தோம். வீடற்றவர் என்றால் அவர் உறங்கும் இடத்துக்கே இரவில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது தேர்தல் துறையின் நடைமுறை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் அதன்படியே இரவு பதினொரு மணிக்கு டார்ச் விளக்கோடு வந்தார்; ஒரு நாளோடு விடாமல் மறுநாளும் வந்தார். இவர்கள் இங்கேதான் உறங்குகிறார்கள் என்று எழுதிக் கையொப்பமிட்டார். ஓட்டுப் போட இவர்கள் இந்த வார்டின் வாசிகள் என்றால், கழிப்பறைக்கு மட்டும் யாராம்?

4. தங்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட காரணங்கள்: இரவில் ஆள் இல்லை, திறந்து வைத்தால் உள்ளேயே படுத்துக்கொள்வார்கள், சமூக விரோதிகள் நுழைவார்கள். முதலாவதற்கு, எங்களில் இருவர் முறை வைத்து இரவு இரண்டு மணி வரை இருக்கத் தயார். அதற்கு மேல் பூண்டு உரிக்கும் பெண்களில் மூத்தவர் ஒருவர் பொறுப்பேற்பதாகச் சொல்லியிருக்கிறார். தண்ணீர், பினாயில் செலவை நாங்கள் ஏற்கிறோம். எழுதிக் கொடுக்கவும் செய்கிறோம். இரண்டாவதற்கு, கழிப்பறையில் படுத்துறங்க யாருக்கும் ஆசை இல்லை ஐயா. மூன்றாவதற்கு, சமூக விரோதிகள் இப்போதும் இருக்கிறார்கள், சுவருக்குப் பின்னால், இந்தப் பெண்கள் போய் வரும் அதே இருட்டில்.

5. பார்சல் அலுவலகப் பின்சுவரில் ஒரு விளக்கு வேண்டும்.

6. மறுபடியும் கழிப்பறையையே கேட்கிறோம். பெண்கள் பகுதியை மட்டுமாவது, இரவு 10 முதல் காலை 5.30 வரை, கட்டணமின்றித் திறந்து வைக்க ஒப்பந்ததாரருக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டுகிறோம். அதற்கு நாளாகும் என்றால் மாற்றுச் சாவி ஒன்றை எங்களிடம் கொடுங்கள். புதிய கட்டடமோ நிதி ஒதுக்கீடோ நாங்கள் கேட்கவில்லை. கட்டி முடித்துத் திறப்பு விழாவும் நடந்த கழிப்பறையின் சாவியைத்தான் கேட்கிறோம். ஆடி மாதம் கேட்டோம், ஐப்பசி மழையில் கேட்டோம், இப்போது மார்கழிப் பனியிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இம்முறை ஆய்வுக்கு ஆள் அனுப்புவதானால் இரவு 11 மணிக்கு, கூடுமானால் ஒரு பெண் அலுவலரை அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அவரை அழைத்துச் சென்று காட்ட நான் மண்டி வாசலில் நிற்பேன். பதில் வரும்வரை பெண்களுக்கான பொட்டலங்களை மாலை நான்கு மணிக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கழிப்பறை திறந்திருக்கும் நேரத்துக்குள் அவர்கள் சாப்பிட்டாக வேண்டும் அல்லவா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
தன்னார்வலர்கள் ஒன்பது பேருக்காக

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், மருந்துச்சீட்டு நகல் (பெயர் மறைக்கப்பட்டது), பதினேழு பெண்களின் கையொப்பமும் பெருவிரல் ரேகையும், இரவு 11.20-க்கு எடுத்த பூட்டின் புகைப்படம்.