ஆறரை அடி

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் அரசியல்வாதி ஹியூ சில்டர்ஸைப் பற்றிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாய் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. படையில் ஒருநாளும் இருந்திராத ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் ராணுவம், கடற்படை விஷயங்களில் எதைச் சரியாகச் செய்ய முடியும், எங்கே சறுக்குவார் என்று கேட்டிருந்தாய். அதற்குச் சில்டர்ஸை விடப் பொருத்தமான ஆள் இல்லை. 1868 டிசம்பர் முதல் 1871 மார்ச் வரை கடற்படைக்கு அமைச்சர். 1880 முதல் 1882 வரை போர்த்துறைக்கு. முதலாவதில் பெரிய அடி வாங்கினார். இரண்டாவதில் செய்த வேலை பல தலைமுறைகள் நின்றது.

கடற்படையை முதலில் பார்ப்போம். கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டி வாரியத்தில் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து கூட்டாக முடிவெடுப்பது பழைய வழக்கம். வேலை நகராது, யார் பொறுப்பு என்றும் தெரியாது என்பது சில்டர்ஸின் குறை. அது நியாயமான குறைதான். 1869 ஜனவரியில் வந்த ஆணை வேலையை மூன்றாகப் பிரித்தது: ஆட்கள் வாரியத்தின் மூத்த கடற்படை அதிகாரியான முதல் கடற்படைப் பிரபுவிடம், கப்பலும் ஆயுதமும் கன்ட்ரோலர் ஸ்பென்சர் ராபின்சனிடம், பணம் நாடாளுமன்றச் செயலரிடம். மூவரும் தனித்தனியே அமைச்சருக்குப் பதில் சொன்னால் போதும். வாரியக் கூட்டங்கள் பேருக்கு நடந்தன. கப்பலைக் கட்டுபவரும் அதில் ஆளை ஏற்றுபவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்ட ஒரே இடம் அந்த மேசை. அது போய்விட்டது. டெட்ஃபோர்டு, வூல்விச் கப்பல்தளங்களை மூடியது முதலான அவருடைய சிக்கன நடவடிக்கைகளை விட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

இனி எச்.எம்.எஸ். கேப்டன் என்ற போர்க்கப்பல். இதை ஆரம்பித்தவர் சில்டர்ஸ் அல்ல. 1867 தொடக்கத்திலேயே பர்க்கன்ஹெட்டில் லெயர்ட் கம்பெனி அடிக்கட்டை போட்டுவிட்டது. வடிவம் கௌப்பர் கோல்ஸ் என்ற கடற்படை அதிகாரியுடையது. பீரங்கியைச் சுழலும் கூண்டில், அதாவது டர்ரெட்டில், வைக்க வேண்டும் என்று பத்திரிகையிலும் நாடாளுமன்றத்திலும் ஓயாமல் வாதாடியவர் அவர். டர்ரெட் நல்ல யோசனை. ஆனால் டர்ரெட் தடையின்றிச் சுற்றிச் சுட வேண்டுமென்றால் கப்பலின் பக்கச்சுவர் தாழ்ந்திருக்க வேண்டும். அக்கால நீராவி எஞ்சின் நிலக்கரியை விழுங்கும். தூரக் கடலுக்குப் போகப் பாய்மரமும் வேண்டும். பாய் விரித்த கப்பல் காற்றில் சாயும். சாய்ந்து நிமிர உயர்ந்த பக்கச்சுவர் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே உடலில் கட்டியதுதான் வினை.

தலைமை வடிவமைப்பாளர் எட்வர்டு ரீட் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார். வரைபடத்தில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுத அவர் துறை மறுத்தது. 'ஆட்சேபம் இல்லை' என்ற அளவோடு நின்றது. கட்டும்போது கோல்ஸ் நோயில் கிடந்தார். உள்ளே போகும் எடையை யாரும் கறாராக நிறுக்கவில்லை. நீரில் மிதந்தபோது சுமார் 735 டன் அதிகம். நீர்மட்டத்துக்கு மேலே 8 அடி இருக்க வேண்டிய பக்கச்சுவர் ஆறரை அடியாக இறங்கிவிட்டது. ரீட் வடிவமைத்த மோனார்க்கும் டர்ரெட்டும் பாயும் உள்ள கப்பல்தான். அதற்கு 14 அடி.

இந்த ஆறரை அடிக்கு என்ன பொருள் என்பதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார். கேப்டனின் அகலம் ஏறக்குறைய 53 அடி; பாதி 26½. ஆறரையை இருபத்தாறரையால் வகுத்துக் கோணமாக்கினால் கிட்டத்தட்ட 14 டிகிரி. அந்தச் சாய்வில் மேல்தளத்தின் விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிடும். கப்பல் சாயும்போது தாழ்ந்த பக்கம் கூடுதலாக நீருக்குள் அமிழும். அந்தக் கூடுதல் மிதப்புதான் அதைத் திருப்பி நிமிர்த்துகிறது. விளிம்பே மூழ்கிவிட்டால் அமிழ மேற்கொண்டு சுவர் இல்லை. நிமிர்த்தும் விசை வளர்வது குறைந்து, பிறகு சரியவும் தொடங்கும். கேப்டனுக்கு அந்த விசை 21 டிகிரியில் உச்சம், 54 டிகிரியில் பூஜ்யம். மோனார்க்குக்கு உச்சமே 40 டிகிரியில்தான்.

இதில் ஏமாற்றுவது எது தெரியுமா? சிறு சாய்வில் கேப்டன் கல்லுப்போல நின்றது. 1870இல் மேற்கொண்ட சோதனைப் பயணங்களில் எல்லாரும் மெச்சினார்கள். தொடக்கத்தில் விறைப்பாக நிற்பதும் கடைசிவரை தாங்குவதும் வேறு வேறு குணங்கள் என்பது மாலுமியின் கண்ணுக்குத் தெரியாது, கணக்குக்குத்தான் தெரியும். போர்ட்ஸ்மத்தில் சாய்வுச் சோதனை நடந்தது ஜூலை இறுதியில். கணக்கு முடிந்து வருவதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது. ரீட் அதே மாதம் பதவி விலகியிருந்தார். சில்டர்ஸுக்கு இந்தக் கப்பலின் மேல் இருந்த நம்பிக்கை எவ்வளவு என்றால், மோனார்க்கில் இருந்த தன் மகன் லெனார்டை இதற்கு மாற்றினார்.

செப்டம்பர் 6 அன்று ஸ்பெயினின் ஃபினிஸ்டெர் முனைக்கு அப்பால் அட்மிரல் மில்ன் கப்பலைப் பார்வையிட வந்தார். விளிம்பின் மேல் தண்ணீர் அலம்புவதைக் கண்டார். சாய்வு அப்போதே 14 டிகிரி. நாம் போட்ட கணக்கு அதேதான். நள்ளிரவுக்குச் சற்றுப் பின் காற்று வலுத்தது. சாய்வை அளந்து சொன்ன குரல்களைப் பிழைத்தவர்கள் பிறகு நினைவுகூர்ந்தார்கள்: 18, 23, 25, 28. பாயை இறக்க அவகாசமே இல்லை. ஏறக்குறைய 480 பேர் போனார்கள். கோல்ஸும் கப்பலின் தலைவர் பர்கோயினும் லெனார்டும் அதில் அடக்கம். கரையேறியவர் 18 பேர்.

ராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பை நீ கவனமாகப் படிக்க வேண்டும். கன்ட்ரோலர் துறையின் கருத்துக்கு எதிராக, நாடாளுமன்றத்திலும் பிற வழிகளிலும் வெளிப்பட்ட பொதுமக்கள் அபிப்பிராயத்துக்கு இணங்கியே இந்தக் கப்பல் கட்டப்பட்டது என்று அது பதிவு செய்தது. உன் கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. எந்தக் கருவி வேண்டும் என்று உறுப்பினர்கள் பேசினார்கள். எத்தனை டன், எத்தனை அடி, யார் கையெழுத்து என்று கேட்டிருக்க வேண்டும். சில்டர்ஸ் பின்னர் எழுதிய நீண்ட குறிப்பு ரீட் மேலும் ராபின்சன் மேலும் பழி போட்டது. மகனை இழந்தவரின் வேதனை புரிகிறது. ஆனாலும் அது அநியாயம். எதிர்த்தவர்களே அவர்கள்தான். ரீட் 1874இல் தானே நாடாளுமன்றத்துக்குள் வந்தார். பாய்மரமே இல்லாமல் அவர் வரைந்த டெவஸ்டேஷன், சுவர் தாழ்ந்திருந்தும் கவிழவில்லை. காற்று பிடிக்க அதில் பாயே இல்லையே.

தரைப்படைக்கு வருகிறேன். முன்பு போர்த்துறை அமைச்சராக இருந்த கார்டுவெல் ஏற்கெனவே பட்டாலியன்களை ஜோடி சேர்த்திருந்தார்: ஒன்று வெளிநாட்டில் இருக்கும், மற்றது தாய்நாட்டில் ஆள் பழக்கி அனுப்பும். மொத்தம் 141 பட்டாலியன், ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஜூலு, ஆப்கான் போர்கள் வந்ததும் 1879இல் 82 வெளியே, 59 உள்ளே என்றாகிவிட்டது. உள்ளே இருந்தவற்றில் பழகிய ஆள் வற்றி, பையன்களே மிஞ்சினார்கள். சில்டர்ஸ் படையில் நேரடிச் சேவையை 6 ஆண்டிலிருந்து 7 ஆக்கினார்; அதன்பின் அழைத்தால் வரவேண்டிய ரிசர்வில் 5. 1881 ஜூலை 1 முதல் ஜோடிகள் ஒரே ரெஜிமென்ட் ஆயின. பழைய எண்கள் போய் மாவட்டப் பெயர்கள் வந்தன. உள்ளூர்ப் பகுதிநேரப் படையான மிலிஷியாவும் தன்னார்வப் படையும் அதே குடும்பத்தில் சேர்ந்தன. கசையடியும் அந்த ஆண்டே ஒழிந்தது.

எதிர்ப்பு பெயருக்கும் துணிக்கும்தான் அதிகம். சட்டைக் கழுத்தும் கைப்பட்டியும் இங்கிலாந்து, வேல்ஸுக்கு வெள்ளை, ஸ்காட்லாந்துக்கு மஞ்சள், அயர்லாந்துக்குப் பச்சை, அரச ரெஜிமென்டுகளுக்கு நீலம் என்று ஒழுங்குபடுத்தியதைப் பலர் பொறுக்கவில்லை. பஃப்ஸ் ரெஜிமென்ட் தன் பழைய நிறத்தை 1890இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அடிப்படை ஏற்பாட்டை ஒருவரும் அசைக்கவில்லை. காரணம் எளிது: பத்தாண்டு ஓடிப் பார்த்த ஏற்பாடு, எங்கே தேய்கிறது என்று எண்ணிக்கை காட்டிக் கொடுத்துவிட்டது.

நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் இதில் உண்டு. கம்பெனி காலத்து மதராஸ் ஐரோப்பியப் படைகளின் வாரிசுகளான 102, 105, 108 எண் ரெஜிமென்டுகள் மூன்றும் இந்த இணைப்பில் பிரிந்து போயின. 102 டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. 108 இன்னிஸ்கில்லிங்கில் சேர்ந்தது. 105ஆவது மதராஸ் லைட் இன்ஃபன்ட்ரி 51உடன் கலந்து யார்க்ஷயர்ப் படையானது. அதன் டெப்போ, அதாவது தலைமையிடம், பான்டிஃப்ராக்ட்; சில்டர்ஸின் சொந்தத் தொகுதி. 1872இல் பிரிட்டனின் முதல் ரகசிய வாக்குப்பதிவு நடந்ததும் அங்கேதான். அவ்வூர் அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போனது. மிட்டாயில் குத்தும் முத்திரையை வைத்தே வாக்குப்பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள்.

லண்டன் போகும்போது செயின்ட் பால் தேவாலயத்தில் கேப்டன் கப்பலின் நினைவுப் பலகையைத் தேடிப் பார். இறந்தவர்களின் பெயர்களோடு அந்தத் தீர்ப்பையும் பொறித்திருக்கிறார்கள். அடுத்த கடிதத்தில் டெவஸ்டேஷனை ஆராய்ந்த 1871 குழுவைப் பற்றி எழுதுகிறேன். கப்பல்களின் அசைவை ஆராய்ந்த பொறியாளர் வில்லியம் ஃபுரூடும் அதில் இருந்தார்.

அன்புடன்,
மணி