சயாமுக்குப் போனவர்களின் பெயர்கள்: பத்தாம் வகுப்பு வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியத் தோழர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் வரலாறு நடத்திவிட்டு 2019-இல் ஓய்வு பெற்றவன் நான். உங்களிடம் ஒரு வேலை கேட்டு இதை எழுதுகிறேன்.

1998-இல் புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருந்தேன். இரண்டாம் உலகப் போர் பாடம். போலந்து, டன்கிர்க், ஸ்டாலின்கிராட், பேர்ல் ஹார்பர், ஹிரோஷிமா என்று வழக்கம்போலக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். கடைசி பெஞ்சுக்கு முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். “சார், எங்க தாத்தா சயாம்ல ரயில் ரோடு போடப் போயி செத்துப்போயிட்டாராம். அப்பாயி சொல்லும். அது இந்தச் சண்டைதானா சார்?” என்றாள்.

“அது பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு” என்று சொல்லிவிட்டேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அது இந்தச் சண்டைதான். சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. எனக்கு அப்போது அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் இருந்ததுதான் என் தவறு. அன்று வகுப்பில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் படை மலாயாவின் கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-இல் பர்மாவின் தலைநகர் ரங்கூன். மூன்றே மாதம். பிரிட்டிஷ் படைகள் பின்வாங்கிய கதையைத்தான் வழக்கமாகச் சொல்கிறோம். நம் பக்கத்துக் கிராமங்களில் அந்த மூன்று மாதத்தில் நடந்தது வேறு. தபால்காரர் வரவில்லை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போனவர்கள், பர்மாவில் வட்டிக்கடைகளில் கணக்கெழுதப் போனவர்கள், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர்கள் என்று வீட்டுக்கு வீடு ஆள் கடல்கடந்து இருந்த ஊர்கள் உண்டு. அவர்கள் அனுப்பிய மணியார்டரில்தான் அந்த ஊர்களில் அடுப்பு எரிந்தது. மலாயாவிலிருந்து பணமும் வராமல் கடிதமும் வராமல் மூன்றரை ஆண்டுக்கு மேல் போனது. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட முகவரி இல்லை.

பர்மா போனதும் அரிசியும் நின்றது. சென்னை மாகாணம், திருவிதாங்கூர், இலங்கை, வங்காளம் எல்லாம் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தவை. இந்த அரிசி நின்றதோடு விலையேற்றமும், ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று அரசே படகுகளைப் பறிமுதல் செய்ததும், நிர்வாகத்தின் அலட்சியமும் சேர்ந்து 1943-இல் வங்காளத்தில் 30 லட்சம் பேர் வரை மாண்டார்கள். நம் வீடுகளுக்குள் ரேஷன் கார்டு நுழைந்ததும் அந்தப் போரோடுதான். கார்டு இன்றும் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று பிள்ளைகளிடம் நாம் சொல்வதில்லை.

1942 ஏப்ரலில் சென்னை காலியானதைச் சிலர் வகுப்பில் சொல்கிறீர்கள் என்று தெரியும், மகிழ்ச்சி. கொழும்பில் 5-ஆம் தேதி குண்டு, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் 6-ஆம் தேதி, திருகோணமலையில் 9-ஆம் தேதி. அடுத்தது சென்னைதான் என்று அரசே நம்பியது. அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள், ரயில்களில் ஏற இடமில்லை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலை விலங்குகளைச் சுட்டார்கள். பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்கும் பகுதி இது. ஆனால் இந்த மடல் அதைப் பற்றியதல்ல.

சயாமுக்கு வருகிறேன். பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல்வழியாகச் சரக்கு அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாகிவிட்டது. அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை காட்டுக்குள் 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஜப்பானிடம் பிடிபட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். இந்தக் கணக்கை உலகம் அறியும். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-க்கும் மேல் என்கிறார்கள். பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர். இறந்தவர்கள் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மதிப்பீடுதான், ஏனென்றால் யாரும் எண்ணவில்லை.

மலாயாத் தோட்டங்களில் முதலில் ஆசை காட்டினார்கள்: மூன்று மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு. தோட்டம் மூடிக்கிடந்தது, மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார்கள், அதனால் பலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்றதும் யாரும் வரவில்லை. அப்புறம் பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டார்கள். இலவசப் படம் என்று கூட்டிக் கதவை அடைத்து அப்படியே லாரியில் ஏற்றியதை அங்குள்ள முதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரக்குப் பெட்டிகளில் நாள்கணக்காகப் பயணம், இறங்கியதும் காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. வெள்ளைக்காரக் கைதிகளோடு அவர்களுடைய மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஆள் இருந்தது. நம் ஆட்களுக்கு அது இல்லை. முகாம் முகாமாகச் செத்தார்கள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அந்தக் கைதிகளின் போர்க்கல்லறை இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வெட்டிவிட்ட புல், பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு. அந்த மரியாதை அவர்களுக்கு உரியதே, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அதே தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படைக்குப் போன பெண்களிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் உண்டு. நாட்டுப்பற்றுதான் காரணம். சேர்ந்துவிட்டால் சயாமுக்கு இழுத்துப் போகமாட்டார்கள் என்ற எண்ணமும் சிலருக்கு இருந்தது. பசித்தவனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம், அதில் குறைசொல்ல எதுவுமில்லை. எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய ராணுவம், அதில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை போன்ற பிரிவுகளில் நம்மூர்ப் பையன்கள். ஒரே மாவட்டத்து ஆட்கள் பர்மாவில் இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு நின்றார்கள். மூன்றாவதாக ஒருவன் கையில் மண்வெட்டியோடு காட்டில் கிடந்தான்.

ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகக் கேட்டுப் போகிறேன். 84 வயது அம்மா ஒருவர் சொன்னார்: “அப்பா நாகப்பட்டினத்துல கப்பலேறுனது மட்டுந்தான் தெரியும். எங்கம்மா சாகுற வரைக்கும் தாலியக் கழட்டல. செத்த நாளு தெரிஞ்சாத்தானே திதி குடுக்க?” அந்த வீட்டில் இன்றும் ஆடி அமாவாசைக்குப் பொதுவாகப் படைக்கிறார்கள்.

சரி, நான் கேட்கும் வேலை இதுதான். இந்தப் பாடத்துக்கு ஒரு பீரியடு கூடுதலாக ஒதுக்குங்கள். பிள்ளைகளை வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்: பர்மா, மலாயா, சிலோன் என்று போய்த் திரும்பாதவர் உண்டா? பெயர், ஊர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் கப்பலேறினார், கடைசிக் கடிதம் எப்போது வந்தது, இதைச் சொன்னவர் யார். பழைய கப்பல் டிக்கெட்டோ மணியார்டர் ரசீதோ இருந்தால் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும். பள்ளியில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஜனவரிக்குள் பாடத்தை முடிக்க வேண்டும், திருப்புதல் தேர்வு இருக்கிறது, நூறு சதவீதத் தேர்ச்சி கேட்பார்கள், எல்லாம் நானும் பட்டவன்தான். ஆனாலும் கேட்கிறேன். தகப்பனைக் கப்பலேற்றிவிட்ட குழந்தைகளுக்கு இப்போது 85-க்கு மேல் ஆகிறது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றால் சொல்ல ஆள் இருக்காது.

என் நோட்டில் இதுவரை 14 பெயர்கள் இருக்கின்றன. அன்று வகுப்பில் எழுந்த பெண்ணின் தாத்தா பெயர் அதில் இல்லை. அவளைத் தேடினேன். கல்யாணமாகித் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அவளுடைய பிள்ளைக்கு இப்போது பத்தாம் வகுப்பு வயதிருக்கும். உங்களில் யாருடைய வகுப்பிலாவது உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து அந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்