ஹார்வி மில்க்: கொலைக்கு முந்தைய கதை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் 2008-இல் வெளிவந்த 'மில்க்' திரைப்படம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஷான் பென்னின் நடிப்பைப் பாராட்டியது சரி. ஆனால் அமெரிக்க அரசியல்வாதி ஹார்வி மில்க்கைச் சுட்டுக் கொல்லப்பட்ட தியாகியாக மட்டுமே கட்டுரை காட்டியது. சான் பிரான்சிஸ்கோவில் கேமரா கடை வைத்திருந்த அவர் 1973, 1975, 1976 என மூன்று தேர்தல்களில் தோற்றவர். நகரம் முழுவதும் ஒரே தொகுதி என்ற முறை போய் வட்டார வாரியாக வாக்களிக்கும் முறை வந்த பிறகே, 1977-இல் நகரின் மேற்பார்வையாளர் குழு உறுப்பினராக வென்றார். தெருவில் நாய் அசிங்கம் செய்தால் உரிமையாளரே அள்ள வேண்டும் என்ற விதியும் அவர் கொண்டுவந்ததுதான். தன்பால் ஈர்ப்பாளர்களின் உரிமைக்காக நின்றவர், எல்லோருடைய தெருவையும் கவனித்தார் என்பதே படத்தின் பலம்.

எங்கள் திரைப்படச் சங்கத்தில் இதைத் திரையிட்டபோது, ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரர் ஒருவர் கூர்ஸ் நிறுவன பீரைப் புறக்கணிக்கும் காட்சியைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினார். லாரி ஓட்டுநர் சங்கத்துக்கு ஆதரவாக மதுக்கடைகளில் அந்த பீரை நிறுத்தச் செய்த மில்க், பதிலுக்குத் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கும் ஓட்டுநர் வேலை கேட்டார். கொலையைப் பற்றி அன்று யாருமே பேசவில்லை! அவரைப் பற்றி 1984-இல் வந்து ஆஸ்கர் பெற்ற ஆவணப்படமும் உண்டு. இரண்டையும் சேர்த்து, அந்தத் தேர்தல் வேலைகளை முன்வைத்து இன்னொரு கட்டுரை வெளியிடலாமே.

– ஒரு வாசகர், மதுரை