நித்தியகல்யாணிக்கு வீரியம் ஏத்தணுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூலிகைச் செடியோட ஜீனை மாத்தி மருந்துச் சத்தை கூட்டுறது பத்தி போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நித்தியகல்யாணிய ஒரே வரில முடிச்சுட்டாங்க. எங்க பக்கம் மானாவாரில போடுற செடி அது, ஆடு மாடு வாய் வைக்காது, வேலிச் செலவு மிச்சம், அதான் எழுதுறேன்.

ரத்தப் புற்றுநோய்க்கு ஏத்துற வின்கிறிஸ்டின், அப்புறம் வின்பிளாஸ்டின், ரெண்டும் இந்த இலைல இருந்து வந்ததுதான். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் 500 கிலோ காஞ்ச இலை வேணும், வின்கிறிஸ்டினுக்கு 2 டன் போல ஆகும். ஏன்னா இந்த மருந்து ரெண்டு பாதி சேர்ந்து உருவாகுறது, கேதராந்தின்ங்கிற பாதி இலையோட மேல் மெழுகுல போய் படியுது, விண்டோலின்ங்கிற பாதி உள்ள இருக்குற செல்லுல கிடக்குது, ரெண்டும் சந்திச்சாத்தானே? ஷாங்காய்ல 2018ல ஜீன் மாத்தின ஆர்ட்டிமிசியாங்கிற மூலிகைச் செடி இலைல மலேரியா மருந்து 3.2 சதவீதம் வரைக்கும் வந்துச்சு, உண்மைதான், ஆனா அதே மாதிரி இதுலயும் சட்டுனு ஏறிடும்னு சொல்றது கொஞ்சம் ஓவர்.

சரி, ஏறுதுன்னே வச்சுக்குவோம். என் பயமே அங்கதான். இதே செடி தெருவுக்குத் தெரு காம்பவுண்டு ஓரமா பூத்து நிக்குது, சுகர் குறையும்னு காலைல பூவைப் பறிச்சு கொதிக்க வச்சு குடிக்கிறவங்க எத்தனை பேரு! கீமோல கை காலு மரத்துப் போக வைக்கிறதும் இதே வின்கிறிஸ்டின்தான், டாக்டருங்க மில்லிகிராம் கணக்குப் பாத்துத்தான் ஏத்துறாங்க. காய் வெடிச்சு விதை விழுந்தா கண்ட இடத்துல முளைக்கிற செடி வேற, வீரியம் ஏத்தினதும் சாதாவும் ஒரே ரோஸ் கலர்ல பூத்தா யாரு கண்டுபிடிக்கிறது?

2022ல டென்மார்க், அமெரிக்கா விஞ்ஞானிங்க சேர்ந்து அந்த ரெண்டு பாதியையும் டேங்குல வளர்க்குற ஈஸ்ட்ங்கிற நுண்ணுயிர்லயே உருவாக்கி, அதுல இருந்து வின்பிளாஸ்டினும் எடுத்துக் காட்டினாங்க. ஜீன் வேலை எல்லாம் அப்படி டேங்குக்குள்ளயே நடக்கட்டும், வயலுக்கு வேணாம். அது பெருசா வந்தா எங்க இலைக்கு விலை விழும்னு தெரிஞ்சேதான் சொல்றேன்.

அடுத்த இதழ்லயாவது இந்தப் பூவை சுகருக்கு குடிக்கலாமா கூடாதான்னு ஒரு சித்த மருத்துவர்கிட்டயும் ஒரு கேன்சர் டாக்டர்கிட்டயும் கேட்டுப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்