தண்ணீர் ஒத்துக்கொண்டது, அம்மா

பர்மிங்காம்,
மாசி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. நான் நலம். நீ, அப்பா, அப்பாயி, சரவணன் எல்லோரும் நலமா? காவ்யா கையால் எழுதி அனுப்பிய உன் கடிதம் வந்து சேர்ந்தது. டியூட்டியை இரவும் பகலுமாக மாற்றி மாற்றிப் போட்டதில் உட்கார்ந்து பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. போனில் பேசினால் உனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. அப்பாவோ வாங்கிய கையோடு "சரி சரி, வச்சுடட்டுமா" என்கிறார். அதனால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதுகிறேன். காவ்யாவை நிதானமாகப் படித்துக் காட்டச் சொல்.

"அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சா?" என்று கேட்டிருந்தாய். நன்றாக ஒத்துக்கொண்டது அம்மா. நம் போர் தண்ணீரில் குண்டான் முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்து, நீ புளி போட்டுத் தேய்ப்பாயே, இங்கே அந்தப் படிவே கிடையாது. துவரம்பருப்பை ஊறவைக்காமல் போட்டாலும் சீக்கிரமே குழைந்துவிடுகிறது. புளி மட்டும் நம் ஊர்ப் புளி மாதிரி இல்லை, கறுப்பாக, இனிப்புத் தட்டுகிறது. அக்கா வீட்டுக் கொல்லைப் புளியை யாராவது வரும்போது கொஞ்சம் கொடுத்தனுப்பு.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று போன வாரம் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கீழ் வீட்டுத் தாத்தாதான் காரில் கூட்டிப்போனார். தோட்டத்தில் மழை அளக்கும் குழாய் ஒன்றை நட்டுவைத்து, காலையில் எழுந்ததும் அதைப் பார்த்து நோட்டில் எழுதுகிறவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் மழை என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். தினமும் பேப்பரில் அணை நீர்மட்டம் பார்க்காமல் டீ குடிக்காத நம் அப்பா இவரோடு நன்றாகச் சேர்ந்துபோவார். நான் மேட்டூர் பக்கத்து ஆள், அணைக் கரையிலேயே வளர்ந்தவள் என்று சொன்னதுதான், உடனே "அப்படியானால் நீ இலான் பள்ளத்தாக்கைப் பார்த்தே ஆகவேண்டும்" என்றுவிட்டார். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் கேரளத்துப் பெண்ணும் வந்தாள்.

அது வேல்ஸ் நாட்டில், ராயடர் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், பர்மிங்காம் தண்ணீருக்காக வரிசையாக அணைகள் கட்டிய இடம். இங்கிருந்து இரண்டரை மணி நேரம். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை, மலையெல்லாம் காய்ந்த புல்லும் ஆடும்தான். தலைக்கு மேலே வால் பிளந்த பருந்துகள் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தன. ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இந்தப் பருந்தே இல்லாமல் போய், இந்த மலைப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தப்பித்ததாம். குளிரைப் பற்றி எழுதினால் நீ கவலைப்படுவாய். நீ பின்னிக் கொடுத்த ஸ்வெட்டருக்கு மேலே இன்னொன்று போட்டிருந்தேன், அது போதும் என்று மட்டும் தெரிந்துகொள்.

இந்த அணைகள் கட்டுவதற்கு முன்னால் பர்மிங்காமில் தொழிற்சாலையும் ஜனமும் பெருகி, கெட்ட தண்ணீரால் டைபாய்டு, பேதி என்று சனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல தண்ணீருக்காக 1892இல் பார்லிமெண்டில் சட்டம் போட்டு, அடுத்த வருஷமே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ஜேம்ஸ் மேன்சர் என்பவர் எஞ்சினியர். 1904 ஜூலையில் ராஜா ஏழாம் எட்வர்டு வந்து திறந்துவைத்தார். நம் மேட்டூர் கட்டி முடிப்பதற்கு முப்பது வருஷம் முன்னால்.

முதலில் வருவது கேபன் கோக் அணை. 37 மீட்டர் உயரம், முழுக்கக் கல் முகப்பு. நிறைந்த தண்ணீரைத் திறந்துவிட இதற்கு மதகே கிடையாது அம்மா. குளிர்காலத்தில் நிறைந்தால் தண்ணீர் அணையின் தலைமேலேயே வழிந்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விழுகிறது. கல்லுக்குக் கல் மோதிச் சிதறுவதால் அவ்வளவும் வெள்ளை. நிறைந்து நிற்கும் இடத்தில் பார்த்தால் தண்ணீர் டிக்காஷன் நிறம், மலை மேலே இருக்கிற கரிமண் சாயம் அது. சத்தம் காதை அடைத்தது. மேட்டூரில் பதினாறு கண் மதகு திறந்த அன்றைக்குப் போய் நின்றோமே, அதே சத்தம். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன், சாரல் முகத்தில் அடித்தது. தண்ணீர்ப் பக்கம் போனாலே நீ பின்னாலிருந்து "தள்ளி நில்லுடி" என்று ஜடையைப் பிடித்து இழுப்பாய். ரொம்ப நேரம் நின்றேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. உன் ஞாபகம் வந்து அங்கேயே அழுதுவிட்டேன் அம்மா. கேரளத்துப் பெண் ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது கேரக் தீ. அப்பாவுக்கு இதை விளக்கமாகச் சொல்லச் சொல், அவருக்குப் பிடிக்கும். மேலே பார்த்தால் கமான் வைத்த பாலம் மாதிரிதான் இருக்கும். அதற்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு அணை மூழ்கிக் கிடக்கிறது. கோடையில் கீழே கேபன் கோக்கில் தண்ணீர் இறங்கினாலும், இந்த மூழ்கிய அணைக்குப் பின்னால் மட்டம் இறங்காமல் நிற்கும். கரையில் பச்சைக் கூரை போட்ட கல் கோபுரம் ஒன்று இருக்கிறது, அதன் வழியாகத்தான் பர்மிங்காமுக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். 118 கிலோமீட்டர் தூரம், பம்பே இல்லாமல் வருகிறது! அவ்வளவு தூரத்துக்கும் இறக்கம் மொத்தம் 52 மீட்டர்தான். மனுஷன் மெதுவாக நடக்கிற வேகத்தில் சுரங்கமும் குழாயுமாக ஒன்றரை நாள் ஓடி வந்து சேருமாம். நான் காலையில் காபிக்குப் பிடிக்கிற தண்ணீர் அதுதான்.

அந்த ஏரிக்கடியில் என்ன இருக்கிறது என்று தாத்தா சொன்ன பிறகு எனக்கு மேலே நடக்கவே மனசு வரவில்லை. பண்ணை வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சர்ச் எல்லாம் மூழ்கியிருக்கின்றன. ஷெல்லி என்ற பெரிய கவிஞர் தங்கியிருந்த வீடுகளும் அதில் போய்விட்டன. கடும் வறட்சி வந்தால் ஒரு பங்களாவின் தோட்டத்துச் சுவர் வெளியே தெரியுமாம். நம் மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடி நந்தியும் சர்ச் கோபுரமும் தலைகாட்டுமே, நாமெல்லாம் பரிசலில் போய்ப் பார்ப்போமே, அதைத் தாத்தாவிடம் சொன்னேன். பாலத்துச் சுவரில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டே நின்றார்.

இன்னொன்றையும் சொன்னார். அங்கிருந்து கிளம்ப வேண்டி வந்தவர்கள் நூறு பேருக்குப் பக்கம். நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் பணம் கிடைத்தது. குத்தகைக்கு உழுதவர்கள், கூலிக்கு இருந்தவர்கள், யாருக்கும் எதுவும் இல்லை. பரம்பரையாக அங்கேயே கிடந்தவர்கள் வெறுங்கையோடு போயிருக்கிறார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடித்துப் பிழைத்தார்கள், அது பெரிய காரியம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஏழைகளுக்குச் செய்தது அநியாயம். பழைய ஊரை விட்டு மூட்டை முடிச்சோடு மேடேறி வந்த கதையைத் தன் மாமியார் சொல்லிச் சொல்லி அழுவார் என்று அப்பாயி சொல்வாரே, அதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. இதைப் படிக்கும்போது அப்பாயியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்.

அணை வேலைக்கு வந்தவர்களுக்கு மரக் குடிசையிலேயே ஒரு ஊர் கட்டிக் கொடுத்திருந்தார்கள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் வைத்து. ஆனால் புதிதாக வருகிற ஆளை நேராக உள்ளே விடமாட்டார்களாம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் இரவு தங்கவைத்து, பேன் எடுத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாலத்தைத் தாண்டலாம். விசாவுக்காக நான் காசநோய் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அப்பா வாங்கிக் கொடுத்த மோரைக் கூடக் குடிக்க முடியாமல் இருந்தேனே.

மேலே இன்னும் பெனிகேரக், கிரெய்க் கோக் என்று இரண்டு அணைகள். கிரெய்க் கோக்தான் எல்லாவற்றிலும் அழகு, வில் மாதிரி வளைந்திருக்கிறது. தனிப் பள்ளத்தாக்கில் கிளேர்வென் என்று ஒன்று, 1952இல் எலிசபெத் ராணி திறந்தது, எல்லாவற்றையும்விட உயரம். அங்கே போவதற்குள் இருட்டிவிட்டது. திரும்பும்போது காரை ஓரமாக நிறுத்தி, தாத்தா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். நான் கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

என் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பொங்கலன்று எனக்கு டியூட்டி, ராத்திரி வந்து ஒரு டம்ளர் அரிசியில் பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டுவிட்டேன். ராத்திரியில் ஹீட்டர் போடுவதில்லை, அந்தக் காய்ந்த சூடு தொண்டைக்கு ஆகவில்லை, இரண்டு போர்வை இருக்கிறது. இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், குளிருக்குச் சாமான் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். சொசைட்டியில் வைத்த நகைக்கு இப்போதைக்கு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வையுங்கள். உன் காது மிஷினை அதற்காகத் தள்ளிப்போடாதே, அதற்கென்று தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்.

சரவணன் மேட்டுக் காட்டை விற்றுவிட்டு டெம்போ வாங்கலாம் என்கிறான் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல். அணையில் தண்ணீர் இறங்கும்போது வண்டல்மண்ணில் எள்ளோ சோளமோ போடுகிறோம், சரி. ஆனால் அது நம் பெயரில் இல்லாத மண், தண்ணீர் ஏறினால் நமக்கு ஒன்றுமில்லை. நம்முடையது என்று இருப்பது அந்தக் காடு ஒன்றுதான். அதற்கும் பட்டா இன்னும் நம் தாத்தா பெயரிலேயே கிடக்கிறது. காகிதம் இல்லாதவன் கதி என்ன என்று நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வாரிசுச் சான்றுக்கு மனுக் கொடுத்து, பட்டாவை மாற்றுகிற வேலையை அப்பா உடனே ஆரம்பிக்கட்டும். டெம்போவுக்கு வேறு வழி பார்க்கலாம், சரவணனைக் கோபப்படாமல் இருக்கச் சொல், நான் அவனோடு பேசுகிறேன்.

பெரியப்பா பங்குனி உத்திரத்துக்கு வருகிறார் அல்லவா? அப்போதே உட்காரவைத்துப் பேசி, கையெழுத்து வாங்கிவிடுங்கள். வரும்போது ஆதார் நகலும் தாத்தாவின் இறப்புச் சான்றும் எடுத்துவரச் சொல், அது சேலத்து வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது, பெரியம்மாவுக்கு இடம் தெரியும்.

உன் அன்பு மகள்,
செல்வி