யாரும் சொல்லாமல் விட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மாலத்தீவுப் பயணக் கட்டுரையைப் படித்தேன். விமானக் கட்டணம், அறை வாடகை, எந்த மாதம் கடல் தெளிந்திருக்கும் என எல்லாம் இருந்தது. போய் இறங்கும் தீவில் மக்கள் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு என்பது மட்டும் இல்லை. 2006 முதல் 2014 வரை அங்கே ஒரு தீவுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

1972-ல் முதல் விடுதி திறந்த பிறகு நெடுங்காலம், வெளிநாட்டார் பெரும்பாலும் மக்கள் குடியில்லாத தனித் தீவுகளில் தங்கிவிட்டுப் போனார்கள். நான் போன புதிதில் எங்கள் தீவில் ஒரு சுற்றுலாப் பயணி இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். 2009-ல் விதி மாறியது. மாசிக் கருவாட்டுக்கு மீன் அவித்துக் காயவைத்துப் பிழைத்த குடும்பங்கள் வீட்டுக்கு மாடி எடுத்து விருந்தினர் இல்லம் நடத்தத் தொடங்கின. என் மாணவர்கள் சிலர் இன்று அந்தத் தொழிலில்தான் பிழைக்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

எங்கள் தீவுத் தெருவை விடியுமுன் பெண்கள் ஈர்க்கு வாரியலால் பெருக்குவார்கள். வெள்ளை மணலில் வாரியல் தடம் கோடு கோடாகக் கிடக்கும். 2012-ல் ஒரு மாலை, மஃரிப் பாங்கு சொல்லும் நேரம், நீச்சலுடையோடு ஓர் இளம்பெண் அந்த வழியே வந்தாள். ஜோலி எனும் கயிற்று இருக்கையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி எழுந்து உள்ளே போனார். தன் துப்பட்டாவை எடுத்துவந்து அவள் தோளில் போர்த்திவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை எப்படிக் குறை சொல்வது? அவளிடம் யாருமே சொல்லவில்லையே. பிறகு தீவின் ஒரு முனையில் ஓலைத் தட்டி கட்டி, பயணிகளுக்கென்று கடற்கரை ஒதுக்கினார்கள்.

நம்மவர்களுக்கும் இதே கதைதான். எங்கள் தெருக்காரர் ஒருவர் பெட்டியில் சின்னப் பிள்ளையார் சிலையோடு போய், சுங்கத்தில் மணிக்கணக்கில் நின்றிருக்கிறார். வழிபாட்டுச் சிலை, மது, பன்றி இறைச்சி எதையும் அந்நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. பவளத்தையும் சிப்பியையும் அங்கிருந்து எடுத்துவரக் கூடாது. மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது. என் தம்பி மகன், பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டிய 'இமூகா' என்ற நுழைவுப் படிவத்துக்கு ஏதோ ஓர் இணையதளத்தில் பணம் கட்டியிருக்கிறான். அரசுத் தளத்தில் அது இலவசம்.

பசுமை வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி முதல், மக்கள் வாழும் தீவுகளின் சிறு இல்லங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர். பெரிய விடுதிகளில் 12. சிறு இல்லத்தில் நால்வர் ஐந்து நாள் தங்கினால் 120 டாலர், பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். விளம்பரத்தில் பார்த்த வாடகையோடு இதுவும் சேரும் என்று தெரியாமல் போய், வரவேற்பில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. நான் இருந்த காலத்தில் குப்பையைக் கடலோரம் குவித்துக் கொளுத்துவோம். காற்று திரும்பினால் வகுப்பறைக்குள் புகை வரும், பிள்ளைகள் இருமிக்கொண்டே கணக்குப் போடுவார்கள். குப்பைக்கும் கழிவுநீருக்கும் வழிசெய்யத்தான் அந்த வரி. அதை மனமுவந்து கட்டலாம்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே இவற்றையும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். இடம் போதவில்லையென்றால், தெருவில் நடக்கும்போது தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும் என்ற ஒரு வரியையாவது சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாகர்கோவில்