ஆலோசனைக் குழு கூடும்போது நாம் எங்கே இருக்கிறோம்?

ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், சவுத் ரைடிங் பக்கம் குடியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். இந்தப் பொங்கல் விருந்தில் சாப்பாட்டு வரிசையில் நின்ற அரை மணி நேரமும் நாம் பேசியது இரண்டே விஷயம்: வீட்டுவரி, இணையத்துக்கான கணினிகளை அடுக்கிவைக்கும் தரவு மையங்களின் இரைச்சல். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் வடையில் கவனமாக இருந்துவிட்டேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நாம் வாழும் லவுடன் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நூறு டாலர் மதிப்புக்கு 2024இல் 86.5 சென்ட்டாக இருந்த வீட்டுவரி விகிதம், 2025இல் 80.5 சென்ட்டாக இறங்கியது. வீட்டு மதிப்புகள் ஏறியது ஒரு காரணம். நாம் வாய் ஓயாமல் திட்டுகிற அந்தச் சன்னல் இல்லாத தரவு மையங்கள் இன்னொரு காரணம். உள்ளே அடுக்கியிருக்கும் கணினிகளுக்கு ஆண்டுதோறும் வரி உண்டு. அவற்றுக்குப் பள்ளிக்கூடம் கட்டித்தர வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரே தொழிலின் வரியை நம்பி, ஒரே தூணில் கூரையை நிறுத்துவது எத்தனை நாளைக்கு?

அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. கவுண்டியை நிர்வகிக்கும், மக்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் வாரியம் நியமிக்கும் பொருளாதார மேம்பாட்டு ஆலோசனைக் குழு. அதற்கு ஒரு செங்கல்லுக்கு அனுமதி தரும் அதிகாரம்கூடக் கிடையாது. அதனால்தான் நாம் அதை மதிப்பதில்லை போலும். 2025 மார்ச்சில், தரவு மையங்கள் சில மண்டலங்களில் தனி ஒப்புதல் இல்லாமலே எழும்பலாம் என்றிருந்த உரிமையை வாரியம் நீக்கியது. அதுபோன்ற வாக்கெடுப்பு நாளில் ஒலிபெருக்கி முன் நின்று சில நிமிடம் கொதிப்பது, தாலி கட்டும் நேரத்தில் ஜாதகம் கேட்பது மாதிரி. எந்தத் தொழிலை அழைப்பது, எங்கே இடம் ஒதுக்குவது, எந்த விதி சிறுகடைக்காரரை நசுக்குகிறது என்ற பேச்செல்லாம் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். தொழில் செய்பவர்களின் அனுபவம் வாரியத்தின் காதுக்குப் போகும் வழி இந்தக் குழு.

இதனால் ஏதாவது நடக்குமா என்று கேட்பவர்கள் கவுண்டியின் மேற்குப் பக்கம் ஒருமுறை காரில் போய்ப் பாருங்கள். 1990களில் பண்ணை நிலம் வீட்டுமனையாக மாறிக்கொண்டிருந்தது. நிலத்தைக் காக்க வேண்டுமானால் உழவருக்கு அதில் வருமானம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1998இல் ஓர் ஊரகப் பொருளாதாரத் திட்டம் உருவானது. இரண்டு லட்சம் ஏக்கரைக் காப்பது அதன் குறிக்கோள். அதற்கென, இதே போல ஆலோசனை மட்டும் சொல்லும் ஊரகப் பொருளாதார மேம்பாட்டு மன்றம் ஒன்றும் உண்டு. திராட்சை வளர்ப்பவர், குதிரைப் பண்ணைக்காரர், காய்கறி பயிரிடுபவர் போன்றோர் அங்கே தங்கள் கஷ்டநஷ்டங்களைச் சொல்கிறார்கள். பண்ணைக்கு விருந்தினர் வந்தால்தான் பிழைப்பு. வந்தாலோ சரளைக்கல் சாலையில் புழுதி, பக்கத்து வீட்டுக்காரரின் முணுமுணுப்பு. இந்த இழுபறிக்கு நடுவிலும் இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட திராட்சை மதுப் பண்ணைகள் இருக்கின்றன. எல்லாப் பெருமையும் அந்த மன்றத்துக்கே என்று சொல்லமாட்டேன். பணம் போட்டவர்களும் வெயிலில் நின்றவர்களும் வேறு. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்ததும் பழம் பறிக்க நாம் அழைத்துப்போகிறோமே, அந்தத் தோட்டங்கள் தப்பிப் பிழைத்ததில் இந்தப் பேச்சுவார்த்தைகளுக்கும் பங்குண்டு.

நம் பக்கம் யார் பேசுகிறார்கள்? தரவு மையங்களுக்குள்ளேயே வேலை பார்க்கும் பொறியாளர்கள் நம்மில் இருக்கிறார்கள். வீட்டில் மாவரைத்து விற்கும் அக்காக்கள், பரதநாட்டிய வகுப்புக்கு வாடகை இடம் தேடி அலைபவர்கள், மளிகைக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களின் தொல்லை வாட்ஸ்அப் குழுவைத் தாண்டுவதில்லை.

வர்ஜீனியா சட்டப்படி இத்தகைய கூட்டங்களைக் குறைந்தது மூன்று வேலைநாள் முன்பே அறிவித்தாக வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பவரிடம் யாரும் விசா கேட்பதில்லை. முதல் கூட்டத்தில் எனக்குப் பாதி புரியவில்லை. மீதியில் கொட்டாவி வந்தது. ஆனாலும் மறுபடி போனேன். தமிழ்ச் சங்க நிர்வாகிகளே, ஆண்டுவிழாவுக்குக் குழு போடுவதுபோல் இதற்கும் முறைவைத்து ஓர் ஆளை அனுப்புங்கள். கவுண்டியின் எட்டுத் தேர்தல் மாவட்டங்களுக்கும் தனித்தனி மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். குழுவில் இடம் காலியாகும்போது நம்மில் தகுதியானவர் பெயரை அவர்களிடம் கொண்டுபோங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நான் கிளம்புகிறேன். காரில் மூன்று இடம் இருக்கிறது.

அன்புடன்,
பிராம்பிள்டனிலிருந்து உங்கள் அண்டைவீட்டுக்காரன்